ஒரு மணி நேர மண்வெட்டி வேலை... ஏழு மணி நேரக் காற்று!

வாணியம்பாடி விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய மூச்சுக் கணக்கு

வாணியம்பாடி பக்கம் நான்கு விவசாயிகள் கூடினால் பேச்சு தண்ணீரில்தான் தொடங்கும். பாலாற்றில் தண்ணீர் வந்ததா, கிணற்று நீரின் உப்பு குறைந்ததா, டேனரிக் கழிவு எங்கே போகிறது... இப்படி நீளும் பேச்சு. காரணம் இல்லாமல் இல்லை. 1996-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கெடுப்பைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது.

தண்ணீருக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கும் ஊரில், காற்றுக் கணக்கு மட்டும் பேசப்படுவதில்லை. தண்ணீர் இல்லாமல் மனிதன் இரண்டு, மூன்று நாள்கள் தாக்குப்பிடிப்பான். காற்று இல்லாமல் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. அதிலும் உழைக்கும் உடம்புக்குக் காற்றுத் தேவை பல மடங்கு கூடுகிறது. அந்தக் கூடுதல் மூச்சு உடம்பைப் பலப்படுத்தும். காற்று கெட்டிருந்தால் அதே மூச்சு விஷத்தையும் பல மடங்கு உள்ளே கொண்டுபோகும். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான், எந்த மூச்சிரைப்பு நல்லது, எது ஆபத்து என்று பிரித்தறிய முடியும்.

கொல்லன் துருத்தி மாதிரி

நுரையீரல் தானாக விரிவதில்லை. காற்றை இழுக்கும் தசை அதற்குக் கிடையாது. கொல்லன் பட்டறையில் துருத்தியை ஒருவர் இழுத்துத் திறந்தால்தான் காற்று உள்ளே போகும். அதுபோல நெஞ்சுக்கூட்டை விரித்தால்தான் நுரையீரலுக்குள் காற்று நுழையும். அந்த வேலையைச் செய்வது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது நெஞ்சுக்குள் இடம் பெருகுகிறது, காற்று உள்ளே வருகிறது. விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகள் விலாக்களைத் தூக்கிக் கொடுத்துத் துணை செய்கின்றன.

சும்மா இருக்கும்போது மூச்சை வெளியே விடத் தனி முயற்சி தேவையில்லை. இழுத்த ரப்பரை விட்டதுபோல நுரையீரல் தானே சுருங்கும். பாரம் தூக்கும்போதும் ஓடும்போதும் மட்டும் வயிற்றுத் தசைகள் இறுகி, காற்றை வெளியே தள்ளுகின்றன. நாள் முழுக்க நாற்று மூட்டை சுமந்தவருக்கு மறுநாள் விலாவும் வயிறும் வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றே முக்கால் சென்ட் வயல்

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. தலைவாய்க்காலிலிருந்து கிளைவாய்க்கால், அதிலிருந்து வரப்பு வாய்க்கால் என்று பிரிவதுபோல, ஏறக்குறைய 23 முறை கிளை பிரிந்து கடைசியில் காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. ஒருவருக்கு 30 கோடி முதல் 50 கோடி நுண்ணறைகள் வரை இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பு வரும். விவசாயி கணக்கில் சொன்னால் ஒன்றே முக்கால் சென்ட் நிலம், ஒரு நெஞ்சுக்குள் மடிந்து கிடக்கிறது.

நுண்ணறையின் சுவர், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குதான். சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் ரத்தத்துக்குப் போகிறது. உடம்பு வெளியேற்றிய கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்திலிருந்து காற்றுக்கு வருகிறது. ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் வண்டி, ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின். உள்ளே இழுக்கும் காற்றில் 21 சதவிகிதம் ஆக்ஸிஜன். வெளியே விடும் காற்றிலும் 16 சதவிகிதம் மிச்சம் இருக்கும். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதினால் பலன் கிடைப்பது இதனால்தான்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டால், முதலில் வாய்க்காலே கொஞ்சம் குடித்துவிடும். வயலுக்குப் போய்ச் சேருவது மீதிதான். மூச்சிலும் அந்த இழப்பு உண்டு. ஒரு சாதாரண மூச்சு 500 மில்லி. அதில் 150 மில்லி மூக்கிலும் குழாய்களிலுமே நின்றுவிடுகிறது. 350 மில்லிதான் நுண்ணறைக்குப் போகிறது. நிமிடத்துக்கு 12 முறை இப்படி மூச்சுவிட்டால், மொத்தம் 6 லிட்டர் இழுத்து, 4.2 லிட்டர் பயன்படும். அதே 6 லிட்டரை, 250 மில்லி வீதம் 24 குட்டி மூச்சுகளாக இழுத்தால் பயன்படுவது 2.4 லிட்டர்தான். மேலோட்டமாக வேகமாக இழுக்கும் மூச்சு, வாய்க்காலை நனைத்தே தீர்ந்துபோகும் தண்ணீர் போன்றது. ‘நிதானமா, ஆழமா மூச்சை இழு’ என்று பெரியவர்கள் சொல்வது சரியான கணக்கு.

மூச்சை முடுக்குவது எது?

ஆக்ஸிஜன் குறைந்தால்தான் மூச்சு வாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது உண்மையல்ல. தசைகள் வேலை செய்யும்போது உருவாகும் கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்தில் சற்றுக் கூடினாலே, மூளையின் அடிப்பகுதியான முகுளம் அதைக் கண்டுபிடித்து, உதரவிதானத்துக்கு ‘வேகமாக இழு’ என்று உத்தரவு போடுகிறது. 1905-ம் ஆண்டு பிரிட்டனில் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவரும் இதை நிறுவினார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு இருப்பதை அறியச் சிறு பறவைகளைக் கூண்டில் கொண்டுபோகலாம் என்று சொன்னவரும் இதே ஹால்டேன்தான். அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.

இந்தக் கண்டுபிடிப்பில் விவசாயிக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தாலும், கார்பன் டை ஆக்ஸைடு கூடாவிட்டால், உடம்பு உரிய நேரத்தில் மூச்சுமுட்டலைக் காட்டாது. மூச்சுத் திணறல் தெரியும் முன்பே நினைவு போய்விடும். ‘முடியலைன்னா மேல ஏறி வந்துடலாம்’ என்று கிணற்றில் இறங்குபவரை ஏமாற்றுவது இதுதான்.

வேலை தொடங்கினால் என்ன நடக்கிறது?

திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர். அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரி கொள்ளும் அளவு. அவரே மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டத் தொடங்கினால் நிமிடத்துக்கு 40, 50 லிட்டர் ஆகிவிடும். 50 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 3,000 லிட்டர். உட்கார்ந்தே இருந்தால் அவ்வளவு காற்றை இழுக்க ஏழு மணி நேரம் ஆகும். தலைப்பில் உள்ள கணக்கு இதுதான். மூட்டையோடு மேடு ஏறுவது, ஓடுவது போன்ற கடும் வேலைகளில் இது 100 லிட்டரையும் தாண்டலாம்.

இதயமும் கூடவே ஓடுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை அனுப்பும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை அனுப்பும். தசைகள் கேட்கும் ஆக்ஸிஜன், நிமிடத்துக்குக் கால் லிட்டரிலிருந்து 2, 3 லிட்டராகக் கூடுகிறது.

வேலை தொடங்கிய முதல் சில நிமிடங்களில்தான் மூச்சு அதிகம் வாங்கும். தசை உடனே ஆக்ஸிஜன் கேட்கிறது. மூச்சும் இதயமும் அந்த வேகத்தைப் பிடிக்கச் சற்று நேரம் ஆகிறது. பிறகு சீராகிவிடும். வேலையை நிறுத்திய பின்னும் சில நிமிடங்கள் மூச்சு வாங்குவது, உடம்பு பட்ட கடனை அடைக்கும் வேலை. அதனால் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் இறங்காமல், முதல் 10 நிமிடங்கள் மெதுவாக வேலை செய்வதும், முடிக்கும்போது சட்டென்று உட்காராமல் கொஞ்சம் நடந்து ஆறுவதும் நல்லது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இது கட்டாயம்.

வாணியம்பாடிக்குப் பக்கத்திலேயே இதைச் சோதிக்கும் இடம் இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் ஏலகிரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். மேலே போனாலும் காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் அதே 21 சதவிகிதம்தான். ஆனால், காற்றழுத்தம் கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவு குறைகிறது. ஆரோக்கியமானவர் உட்கார்ந்திருந்தால் இது தெரியவே தெரியாது. அங்கேயே மேடு ஏறினால் சற்றே தெரியும். சமவெளியில் இருக்கும்போதே திணறும் நுரையீரல் நோயாளிக்கு நன்றாகவே தெரியும்.

பழகிய உடம்பு, பழகாத உடம்பு

ஒரே மேட்டில் இருவர் ஏறுகிறார்கள். ஒருவர் பேசிக்கொண்டே ஏறுகிறார். இன்னொருவர் நான்கு இடங்களில் நிற்கிறார். முதலாமவருக்கு நுரையீரல் பெரிது என்று நினைப்பது தவறு. வளர்ந்த மனிதனின் நுரையீரல் உடற்பயிற்சியால் பெரிதாக வளர்வதில்லை. மாறுவது மற்றவை. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கிடைக்கும் ஆக்ஸிஜனைத் தசை முழுமையாகப் பயன்படுத்துகிறது. அதனால் அதே வேலைக்குக் கழிவு குறைகிறது, மூச்சும் குறைவாகவே தேவைப்படுகிறது. உதரவிதானமும் ஒரு தசை என்பதால், அதுவும் சோர்வில்லாமல் உழைக்கப் பழகுகிறது. மோட்டாரும் குழாயும் சரியாக இருந்தால், அதே கிணற்றுத் தண்ணீரில் கூடுதல் நிலம் பாயும் அல்லவா? அதுபோலத்தான்.

இந்த மாற்றம் சில வாரங்களில் தெரியத் தொடங்கும். விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே குறையவும் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி நேர வேக நடை இதற்குப் போதும். மிதமான உழைப்பா என்று அறியக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். ஆனால், பாட முடியக் கூடாது. பேசவே முடியாமல் இரைத்தால் வேகம் அதிகம்.

வயதாக ஆக நுரையீரலின் திறன் மெல்லக் குறையும். 30 வயதுக்குப் பிறகு, ஒரு விநாடியில் வேகமாக ஊதித் தள்ளக்கூடிய காற்றின் அளவு, ஆண்டுக்கு 25 முதல் 30 மில்லி வரை குறைவது இயல்பு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களில் பலருக்கு இது இரு மடங்கு வேகத்தில் நடக்கும். இழந்ததை முழுதாகத் திரும்பப் பெற முடியாது. ஆனால், எந்த வயதில் நிறுத்தினாலும், அதன் பிறகான இழப்பின் வேகம் குறைகிறது.

திறந்த வாசலில் நுழைவது என்ன?

இனி கணக்கின் மறுபக்கம். உழைக்கும்போது ஏழு மடங்கு காற்று உள்ளே போகிறது என்றால், அந்தக் காற்றில் இருக்கும் தூசியும் மருந்தும் புகையும் ஏழு மடங்கு போகும். அது மட்டுமல்ல, மூச்சு வாங்கும்போது வாய் திறந்துவிடுகிறது. மூக்கில் உள்ள முடியும் ஈரமும் தூசியை வடிகட்டும். வாயில் அந்த வடிகட்டி கிடையாது.

கதிரடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது, வேர்க்கடலை உடைப்பது, தேங்காய் நாரைக் கையாள்வது ஆகியவற்றில் வரும் தூசி மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல் போரைப் பிரிக்கும்போது பறக்கும் நுண்ணிய வித்துகள் இன்னும் மோசம். அவை ஒவ்வாமையாகி நுரையீரலையே புண்ணாக்கும். ‘விவசாயி நுரையீரல்’ என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர். போர் பிரித்த அன்று மாலையே காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்து, ஓரிரு நாளில் சரியாகிவிடுவதால், பலரும் அதைச் சளிக்காய்ச்சல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை போர் பிரிக்கும்போதும் இது வந்தால், மருத்துவரிடம் அந்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

16 லிட்டர் தெளிப்பானை முதுகில் சுமந்து மருந்து அடிப்பவர், ஒரே நேரத்தில் பாரமும் சுமக்கிறார், மருந்துக் காற்றையும் இழுக்கிறார். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நஞ்சானால், மூச்சுக்குழாயில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். முதல் நாள் தேறியதுபோலத் தெரிந்தவருக்கு, ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் மூச்சுத் தசை தளர்ந்து, செயற்கைச் சுவாசம் தேவைப்படுவதும் உண்டு. மருந்து பட்டு மயங்கியவரை, ‘தெளிஞ்சிட்டார்’ என்று அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது என்பது இதனால்தான்.

விறகு அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதும் பெண்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். ஊதிய பிறகு ஆழமாக இழுக்கும் மூச்சில் புகை நேராக உள்ளே போகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்தால், பீடியே தொடாத பெண்ணுக்கும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வரும். பெண்களுக்கு இன்னொரு சிக்கல், ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நுரையீரல் நன்றாக இருந்தாலும், ஆக்ஸிஜனைச் சுமக்கும் வண்டி குறைவாக இருந்தால் களை எடுக்கும்போதே மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவருக்கு முதலில் தேவை மூச்சுப் பயிற்சியல்ல, ரத்தப் பரிசோதனை.

கிணறும் கழிவுத் தொட்டியும்

வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் பல குடும்பங்களில் ஒருவர் நிலத்தில் இருந்தால் இன்னொருவர் டேனரியில் இருப்பார். அதனால் இரண்டு இடங்களின் ஆபத்தையும் ஒன்றாகவே தெரிந்துகொள்வது நல்லது.

தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலக் கழிவுநீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கழிவு பல நாள் தேங்கி அழுகினாலும் இதே வாயு உண்டாகும். மலக்குழி, சாணக்குழி, சாண எரிவாயுக் கலன் ஆகியவற்றிலும் இது உண்டு. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலேயே தங்கிவிடும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கைத் தாண்டினால், நாற்றம் அறியும் நரம்பே மரத்துப்போகும். ‘நாத்தம் போயிடுச்சு, இனி இறங்கலாம்’ என்று தோன்றும் நேரம்தான் அதிக ஆபத்தான நேரம். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

கிணற்றின் ஆபத்து வேறு வகை. நெடுநாள் பயன்படாத, செத்தையும் குப்பையும் அழுகிக் கிடக்கும் கிணற்றில் கார்பன் டை ஆக்ஸைடு அடியில் தேங்கி, ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். ஆழப்படுத்துவதற்காக வெடி வைத்தால், வெடிப்புகையில் கார்பன் மோனாக்ஸைடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் இருக்கும். தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினாலும் கார்பன் மோனாக்ஸைடு நிறையும். இதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு ஒட்டிக்கொண்டு, ஆக்ஸிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

இந்த விபத்துகளில் ஒருவர் மட்டும் இறப்பது அரிது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் பதறி இறங்கும் அண்ணனும் தம்பியும் பக்கத்து நிலத்துக்காரரும் அடுத்தடுத்துச் சாய்வதுதான் வழக்கம். அதன் காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. ஓடி வந்தவர், பதற்றத்தோடு, கயிற்றைப் பிடித்து வேகமாக இறங்குகிறார். அப்போது அவர் இழுப்பது நிமிடத்துக்கு 6 லிட்டர் அல்ல. 50, 60 லிட்டர். முதலில் இறங்கியவரை நிதானமாகத் தாக்கிய வாயு, இவரை நொடிகளில் தாக்குகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கலாம் என்பதும் நடக்காது. உழைக்கும் உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு வேகமாகக் கூடுவதால், சில விநாடிகளில் முகுளம் மூச்சை இழுக்க வைத்தே தீரும்.

கிணற்றிலோ குழியிலோ இறங்கும் முன்...

• மலக்குழி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றில் ஆள் இறங்கவே கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். இயந்திரத்தை அழைப்பதே வழி.

• பழைய கிணறு என்றால், மூடி, முள், செத்தையை அகற்றிப் பல மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். ஊதுவிசிறி அல்லது கம்ப்ரஸர் குழாயை அடிவரை விட்டுக் காற்றைச் செலுத்த வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்வரை அதை நிறுத்தக் கூடாது. சிலிண்டர் ஆக்ஸிஜனைச் செலுத்தக் கூடாது, தீப்பிடிக்கும்.

• விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையை நம்பி இறங்கக் கூடாது. விளக்கு அணைந்தால் ஆபத்து நிச்சயம். ஆனால், அணையாவிட்டால் பத்திரம் என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் மோனாக்ஸைடும் விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும். மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும். வாயு அளக்கும் கருவிதான் நம்பகமானது.

• இறங்குபவரின் உடம்பில் இடுப்பு, தோள் சேர்த்துக் கயிறு கட்டியிருக்க வேண்டும். மேலே குறைந்தது இருவர் இருக்க வேண்டும். மயங்கினால், யாரும் இறங்காமலே மேலே தூக்கிவிடலாம்.

• டீசல், பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள் வைக்கக் கூடாது. வெடி வைத்த அன்று இறங்கக் கூடாது.

• உள்ளே இருப்பவர் சாய்ந்தால், காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டாவது ஆள் இறங்காமல் இருப்பதே முதல் உதவி.

எந்த மூச்சிரைப்புக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

போன ஆண்டு சிரமமில்லாமல் செய்த வேலைக்கு இந்த ஆண்டு இரைக்கிறது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது, வேலையின்போது நெஞ்சு இறுகுகிறது, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது, சளியில் ரத்தம் வருகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை... இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் திறன் பரிசோதனை சில நிமிட வேலை. கொரோனா காலத்தில் வீட்டில் வாங்கிய விரல் கருவி 94-க்குக் கீழே காட்டினால் உடனே கிளம்ப வேண்டும். ஆனால், அது 98 காட்டுகிறது என்பதற்காக நெஞ்சு வலியை அலட்சியப்படுத்தக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு தாக்கியவருக்கும் அந்தக் கருவி நல்ல எண்ணையே காட்டும்.

வாசகர் கேள்விகள்

‘‘தினமும் நிலத்துக்குப் போகிறேன். எனக்கும் நடைப்பயிற்சி தேவையா?’’

நிலத்தில் என்ன வேலை என்பதைப் பொறுத்தது. மண்வெட்டி பிடிப்பது, களை எடுப்பது, சுமை தூக்குவது எல்லாமே உடற்பயிற்சிதான். பைக்கில் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, வரப்பில் நின்று ஆள்களை மேற்பார்வை செய்துவிட்டுத் திரும்பினால் இதயத்துக்கு வேலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் தினம் அரை மணி நேரம் வேகமாக நடப்பது அவசியம். பல மாதங்கள் சும்மா இருந்துவிட்டு, நடவுக்காலத்தில் திடீரென்று கடும் வேலையில் இறங்குவது இதயத்துக்கு நல்லதல்ல.

‘‘பிராணாயாமம் செய்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் கூடுமா?’’

ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஏற்கெனவே 95 சதவிகிதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற முடியாது. நிதானமான மூச்சுப் பயிற்சியால் கிடைக்கும் பலன் வேறு. படபடப்பு குறையும், ரத்த அழுத்தம் சற்றுக் குறையும், உதரவிதானத்தைப் பயன்படுத்தும் பழக்கம் வரும். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, மூச்சை இழுக்கும்போது கை மேலெழுகிறதா என்று பார்த்தால் போதும். மூச்சடைப்பு நோய் உள்ளவர்கள், மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விட்டால் திணறல் தணியும். நடைப்பயிற்சிக்கு மூச்சுப் பயிற்சி மாற்று அல்ல.

‘‘மருந்து அடிக்கும்போது ஈரத்துண்டு கட்டினால் போதுமா?’’

போதாது. துண்டு பெரிய தூசியை மட்டும் ஓரளவு தடுக்கும். என்-95 முகக்கவசம் நுண்தூசிக்கு நல்லது. கதிரடிப்புக்கும் வைக்கோல் போர் பிரிக்கவும் பயன்படுத்தலாம். மருந்தின் ஆவியைத் தடுக்க, கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம்தான் தேவை. அதுவும் கிணற்றிலும் குழியிலும் உதவாது. அங்கே ஆக்ஸிஜனே குறைவு என்பதால், வடிகட்டுவதில் பலன் இல்லை. மருந்து அடிக்க வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை நேரமே நல்லது. காற்று முதுகுப்பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வீசும்படி நடக்க வேண்டும். மூச்சு வாங்கத் தொடங்கினால், தெளிப்பதை நிறுத்தி, வரப்புக்கு வெளியே வந்து ஆறிய பிறகு தொடர வேண்டும்.

‘‘பையனுக்கு ஆஸ்துமா. விளையாட விடலாமா?’’

விடலாம், விட வேண்டும். மருத்துவர் சொன்ன இன்ஹேலரை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டினால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் ஓடலாம், நீந்தலாம். இன்ஹேலர் எடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவார்கள் என்பது தவறான பயம். கதிரடிக்கும் களத்துப் பக்கமும் குப்பை எரிக்கும் இடத்திலும் மட்டும் விளையாட விடாதீர்கள். விளையாடும்போது திணறல் வந்தால், உட்கார வைத்து, நிவாரண இன்ஹேலரைக் கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.